மதியின் லேப்டாப்

தோள்பட்டை விண்விண்ணென்று வலித்தது. துறைமுகத்தில் நிலக்கரி அள்ளிவிட்டு நேரே வந்த ஜெயவேல், மகளின் லேப்டாப்பை மெக்கானிக் பாரியின் மேசையில் வைத்தார்.

"அடுப்பு கணக்கா கொதிக்குது, நகரவே மாட்டேன்னுது. பொண்ணு மதி படம் பாத்துப் பாத்தே கெடுத்துட்டா. ரெடி பண்ணு நைனா, வித்துடப் போறேன்."

பாரி கழற்றினான். உள்ளே இருந்த ஃபேனில் கறுப்பாகத் தூள் அப்பியிருந்தது.

"படம் பாத்தா இது வராதுண்ணா. வூட்ல எப்படி வெச்சுகினு கீறீங்க?"

"காஸ்ட்லி பொருளாச்சே! தெனம் நானே தொடச்சு, இந்தத் துண்டுல சுத்தி வெப்பேன்."

பாரி அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினான். மேசையெல்லாம் கரித்தூள்.

"இப்ப சொல்லுங்கண்ணா, யாரு கெடுத்தது?"

ஜெயவேல் தலை குனிந்தார்.

"விக்கல. கிளீன் பண்ணிக் குடுப்பா."

நேற்று மதியை அறைந்ததற்கு அவர் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.