ஓடி வரும் பிள்ளை

பள்ளி விட்டபின் பிள்ளைகள் தங்கும் மாலைக் காப்பகத்துக்கு இமெல்டாதான் ஒருங்கிணைப்பாளர். ஒரு பிள்ளை தன் அம்மாவைவிட அவளிடம் அதிகம் ஒட்டிக்கொண்டால் பாசத்தை அளக்க எல்லாக் காப்பகங்களிலும் பிள்ளைகளுக்குக் கட்டிவிடும் கைப்பட்டை சிவந்துவிடும். அவள் வேலை போய்விடும். அதனால் அம்மாக்கள் வரும் நேரத்தில், “எந்நேரமும் என்னடி மடியில? எந்திரி,” என்று அதட்டுவாள். பிள்ளை அழுதபடி அம்மாவிடம் ஓடும். பட்டை பச்சையாகும்.

பிறகு வேறொரு காப்பகத்திலிருந்து தன் மகள் அனிலாவை அழைத்துவரப் போவாள். அனிலா ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்வாள். அந்தப் பிடியில்தான் இமெல்டா தினமும் தன்னை மன்னித்துக்கொள்வாள்.

இன்று கட்டிக்கொண்டே அனிலா கேட்டாள்: “எங்க மிஸ் ரொம்ப நல்லவங்கம்மா. நீ வர்ற நேரம் மட்டும் ஏம்மா திட்டுறாங்க?”

மகளின் கைப்பட்டை பச்சையாக ஒளிர்ந்தது. வாசலில் நின்ற மிஸ்ஸை இமெல்டாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.