வெட்டாத பக்கங்கள்

வக்கீல் கோர்லி முதுகைத் திருப்பியதுதான் தாமதம், மிஸ்டர் இம்ரியின் கை அலமாரிக்குள் போனது. ஒரு புத்தகத்தை உருவி, கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் ஒதுங்கினார்.

விருந்துக்கு வந்த இடத்தில் திருட்டா என்று நினைத்துவிட வேண்டாம். அது அவரே எழுதி, அவரே கையெழுத்துப் போட்டுக் கோர்லிக்குக் கொடுத்த புத்தகம். ‘மூடுபனித் தீவு’ என்று ஒரு காவியம்.

அந்தக் காலத்து எடின்பரோவில் புத்தகம் மடித்த தாளாகத்தான் கைக்கு வரும். கத்தியால் மடிப்பை வெட்டினால்தான் உள்பக்கங்கள் திறக்கும்; முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் வெட்டாமலே பார்க்கலாம். இம்ரி ஓரத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு மடிப்புகூட வெட்டப்படவில்லை.

“என்ன இம்ரி, மழையை வேடிக்கை பாக்கறீங்களா?” கோர்லி ஒயின் கோப்பையோடு திரும்பினார். “உங்க காவியம் இருக்கே, அடேயப்பா! நடுவுல ஒரு இடத்துல அழுதே போயிட்டேன்.”

“எந்த இடத்துல?”

“அதான்... அந்த... சோகமான இடத்துல.”

வேறு நாளாக இருந்தால் இம்ரிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்திருக்கும். இன்று வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அப்பாடா, கோர்லி இல்லை!

போன மாதம் ஊரே படிக்கும் பத்திரிகையில் அவருடைய காவியத்துக்கு ஒரு மதிப்புரை வந்தது. வழக்கம்போல எழுதியவர் பெயர் இல்லை. முதல் பக்கத்திலிருந்து சில வரி, கடைசிப் பக்கத்திலிருந்து சில வரி எடுத்துப் போட்டு, மனுஷனைத் தோலுரித்து உப்பும் தடவியிருந்தார்கள். ‘இவர் தன் கவிதையைத் தானே வாசித்துத் தானே அழுகிறவர்; நமக்கு அந்த வேலை மிச்சம்’ என்று கடைசியில் ஒரு குத்து.

அவர் அழுததை வெளியார் யாரும் பார்த்ததில்லை. ஒரே ஒரு பாட்டை ஐந்து நண்பர்களுக்கு வாசித்துக் காட்டிய மாலையில்தான் அழுகை வந்துவிட்டது. ஆக, கூட இருந்து குழி பறித்தது அந்த நண்பர்களில் ஒருவர்.

கண்டுபிடிக்க வழி சொன்னவர் மான்கர். அன்று வந்திருந்தவர்தான். பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவர்; அந்தத் தொழிலின் நெளிவு சுளிவெல்லாம் அத்துப்படி.

“முகத்தைப் பாத்தா ஒண்ணும் தெரியாதுப்பா. மடிப்பைப் பாரு. படிக்காமலா இவ்வளவு எழுதியிருப்பான்? யார் புத்தகம் வெட்டியிருக்கோ அந்த ஆளுதான். எதுக்கு சந்தேகம், மொதல்ல என்னோடதையே பாரு.”

பார்த்தார். கடையிலிருந்து வந்தது போலவே இருந்தது.

“கோச்சுக்காதே, நேரமே கிடைக்கல. மத்தவங்க மாதிரி படிச்சேன்னு புளுகாம உண்மையைச் சொல்லிட்டேன் பாத்தியா?”

இம்ரிக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

“அப்புறம், அன்னைக்கு வந்திருந்த அந்த மிஸஸ் ராங்கின் வீட்டை மட்டும் விட்டுடாதே. பொம்பளைங்களும் இப்பல்லாம் பேர் போடாம எழுதறாங்க.”

அன்று வந்திருந்த டாக்டர் வீட்டில் காவியம் ஆடுகிற ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. “உறுதியான படைப்புய்யா!” என்றார் டாக்டர். பாதிரியார் வீட்டில் அதன்மேல் பூனை படுத்திருந்தது. இரண்டிலும் கத்தி பட்ட தடமே இல்லை.

மிச்சம் இருந்தது மிஸஸ் ராங்கின் வீடு. அங்கே போகத்தான் கால் வரவில்லை. புருஷனை இழந்து தனியாக இருந்த அந்த அம்மாளைக் கல்யாணத்துக்குக் கேட்க வேண்டும் என்று குளிர்காலம் முழுக்கத் தைரியம் சேர்த்துவைத்திருந்தவர் இம்ரி. கடவுளே, இந்த அம்மாள் புத்தகமும் வெட்டாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே மணியை அடித்தார். தன் புத்தகத்தை யாரும் படித்திருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்ட கவிஞர் அவர் ஒருவராகத்தான் இருப்பார், பாவம்.

தேநீர்த் தட்டுக்குப் பக்கத்திலேயே புத்தகம் கிடந்தது. எடுத்தார். முதல் மடிப்பு வெட்டியிருந்தது. அடுத்ததும். கடைசிவரை ஒன்றுவிடாமல்.

“நீங்களா?” இம்ரி புத்தகத்தை அவர் முன்னால் நீட்டினார்.

“என்ன, நானா? ஓட்ஸ் ரொட்டி சூடா இருக்கு, எடுத்துக்கோங்க.”

“நாடகம் போதும் மேடம்! முழுசாப் படிச்சிருக்கீங்க!”

“ரெண்டு தடவை. படிக்கத்தானே குடுத்தீங்க?”

“என்னைப் பத்திரிகையில சந்தி சிரிக்க வைக்கறதுக்காகக் குடுக்கல!” இம்ரி தொப்பியை எடுத்துக்கொண்டார். “உங்ககிட்ட இன்னைக்கு ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இனிமே இந்த வாசப்படியே மிதிக்க மாட்டேன்.”

மிஸஸ் ராங்கினின் முகம் வெளுத்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. “படிச்சவதான் அதை எழுதியிருப்பான்னு உங்களுக்கு யார் சொல்லிக்குடுத்தது?”

“மான்கர். அந்தத் தொழில் தெரிஞ்சவர்.”

“எந்த மான்கர்? நீங்க வராத நாளெல்லாம் பூங்கொத்தோட வந்து நிக்கறாரே, அவரா?”

கதவில் வைத்த கை அப்படியே நின்றது. பிறகு இம்ரி தலையை ஆட்டினார். “அவர்மேல பழி போடாதீங்க. அவர் புத்தகத்தை என் கண்ணால பாத்தேன். ஒரு மடிப்புகூட வெட்டல.”

கலங்கிய கண்ணோடு மிஸஸ் ராங்கின் சிரித்துவிட்டார்.

“என் மக்கு மனுஷா, மதிப்புரை எழுதறவங்க எந்தக் காலத்துல மடிப்பை வெட்டிப் படிச்சாங்க?”