தொண்ணூற்றைந்து கிலோ

இன்சாஃப் வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே தலையை நுழைத்திருந்தாள். மிச்ச உடம்பு சமையலறையில் இருந்தது.

"அம்மா, வெளிய வா. ஆள் மாடி ஏறிட்டிருக்கான்," என்றாள் மகள் ரஷா.

ஆள் என்றால் பழைய சாமான்காரன். தெருவில் "ரோபாபிக்யா!" என்று கூவிக்கொண்டு போனவனை ரஷாதான் பால்கனியிலிருந்து கூப்பிட்டிருந்தாள். ஐந்தாவது மாடி, லிஃப்ட் செத்து நாளாயிற்று. அவன் மூச்சு வாங்க வந்து சேர்வதற்குள் சரிசெய்துவிட்டால் மெஷின் வீட்டில் இருக்கும். இல்லையென்றால் கழுதை வண்டியில் போகும்.

அதற்கு ஒரே வியாதிதான். துணி பிழியும் நேரம் வந்தால் நடக்கும். போன வாரம் நடந்துபோய்ச் சமையலறைக் கதவை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே மாட்டிக்கொண்ட இன்சாஃபை மீட்க ரஷா புருஷனோடு ஓடிவர வேண்டியதாயிற்று.

இன்சாஃபின் புருஷன் ஷௌகி இருந்தவரை அது ஓர் அடி நகர்ந்ததில்லை. டிராமில் டிக்கெட் பரிசோதகர். தொண்ணூற்றைந்து கிலோ. பிழியும் சத்தம் கேட்டதும் காபியோடு மெஷின் மேல் ஏறி உட்கார்ந்துவிடுவார். தொப்பை குலுங்கும், மீசை குலுங்கும், காபி மட்டும் சிந்தாது.

"இதான்டி ரிப்பேர்" என்பார்.

நோன்புக்கு முந்தின வாரம் அதிலிருந்து இறங்கிப் போய்ப் படுத்தவர்தான்.

"இன்சாஃப்! ஒழியுதா அந்தப் பிசாசு?" சமையலறை ஜன்னலுக்கு வெளியே இருந்த காற்றுக்கூண்டு வழியாகக் கீழ்வீட்டுத் தஹானியின் குரல் ஏறி வந்தது. "நீ தன்தா ஊருல தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தியே, அந்த ஒரு மாசம்தான் நான் நிம்மதியா தூங்கினேன். சத்தமே இல்ல. உன் வீட்டுக்காரர் மாசம் பூரா ஒரே ஜட்டிதான் போல!"

ரஷா சிரித்துவிட்டாள். அப்பா போனபின் அவள் சிரிப்பது இதுதான் முதல் தடவை.

இன்சாஃப் சிரிக்கவில்லை. அந்த மாத முடிவில் ரயிலடிக்குத் தன்னை அழைத்துப்போக வந்த ஷௌகி, சோப்பு மணக்கும் வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி நின்றது நினைவுக்கு வந்தது.

"இங்க முதுகுல நாலு பெரிய போல்ட் இருக்குடி," என்றாள்.

"போல்ட்டா? ஐயோ அம்மா! கடையிலருந்து வண்டியில வர்றப்ப உள்ள தொட்டி ஆடாம இருக்கப் போடறது அது. வந்த அன்னிக்கே கழட்டணும். இல்லன்னா பிழியறப்ப நடக்கத்தான் செய்யும். இத்தனை வருஷமா கழட்டாமயா ஓட்டினாரு? வீணாவா மேல ஏறி உக்காந்திருந்தாரு?"

ஸ்பானரைத் தேட வேண்டியிருக்கவில்லை. மெஷினுக்குப் பின்னாலேயே சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. அளவும் சரியாக இருந்தது.

அலெக்சாந்திரியாவின் கடல் காற்று கரண்டியைக்கூட விட்டுவைக்காது. மெஷினின் அடித்தகடு துருவேறிப் பொரிந்து கிடந்தது. போல்ட்டுகள் நான்கு மட்டும், அடிக்கடி கழற்றி மாட்டியவை போல, எண்ணெய் பூசிப் பளபளத்தன.

இன்சாஃப் கை ஓடாமல் நின்றாள்.

"என்னம்மா, இறுகிப்போச்சா?"

"ஆமாடி. ரொம்ப இறுகிக் கிடக்கு."

பழைய சாமான்காரன் வந்து சேர்ந்தபோது, போல்ட்டுகள் கழன்ற மெஷின் பிழிந்துகொண்டிருந்தது. மேலே வைத்த தண்ணீர்த் தம்ளர்கூட அசையவில்லை.

"நல்லா ஓடற மெஷினை வேடிக்கை பாக்கவா அஞ்சு மாடி ஏற வெச்சீங்க?" என்று அந்தத் தண்ணீரையே எடுத்துக் குடித்துவிட்டு இறங்கிப் போனான். கொஞ்ச நேரத்தில் ரஷாவும் போனாள்.

இன்சாஃப் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து நான்கு போல்ட்டுகளையும் பழையபடி முடுக்கினாள். பிழிந்த துணியையே மறுபடி நனைத்து உள்ளே திணித்தாள்.

தொண்ணூற்றைந்து கிலோ மனிதர். ஒவ்வொரு தடவையும் மேலே உட்கார்ந்தபடி அவளை நோக்கிக் கையை நீட்டுவார்.

"என் கனம் பத்தலடி. நீயும் ஏறு."

மெஷின் உதறத் தொடங்கியது. அவள் ஏறினாள்.

"திருட்டுக் கிழவா," என்றாள். குரல் குலுங்கிக் குலுங்கி வந்தது.

கீழேயிருந்து தஹானி துடைப்பக்கட்டையால் கூரையை இடித்தாள்.

இன்சாஃப் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு, கொஞ்சம் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.