நிலவறைக்குத் தாழ்ப்பாள்

கட்டப்போகும் வீட்டின் வரைபடத்தைப் பொறியாளர் மேசைமேல் விரித்தார். தரைக்குக் கீழே புதிதாக ஓர் அறையைக் கண்டதும் பெரியவர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நிலவறை அவசியமா? ஈரம் ஊறும், யோசிச்சுச் சொல்லுங்க,” என்றார் பொறியாளர்.

“கண்டிப்பா வேணும் சார்,” என்றாள் மருமகள். “ஒரு கட்டிலும் குடிக்கத் தண்ணியும் இருந்தாப் போதும். சத்தம் சுவரைத் தாண்டக் கூடாது.”

“கதவு இரும்புல இருக்கட்டும்,” என்றான் மகன். “எவ்வளவு உதைச்சாலும் அசையக் கூடாது.”

பெரியவர் மகனை முறைத்தார். பெற்ற பிள்ளையே தம்மை உயிரோடு புதைக்கத் துணிந்துவிட்டானே!

“தாழ்ப்பாள் எந்தப் பக்கம் வைக்கட்டும்?” என்றார் பொறியாளர்.

“வெளியில வைங்க! என்னை உள்ள தள்ளிப் பூட்டத்தானே இந்த ஏற்பாடு? நன்றி கெட்ட நாயே!” என்று எழுந்து மகன்மேல் கையை ஓங்கினார் பெரியவர்.

மருமகள் குறுக்கே வந்து நின்றாள்.

“உள்பக்கம் வைங்க சார். மாமாவுக்கு மேல, ஜன்னல் வச்ச பெரிய ரூம். கீழ இருக்கறது எங்களுக்கு. அவருக்குக் கோபம் வந்தா நாங்க ஓடி ஒளிய ஒரு இடம் வேணாமா?”

அவளுக்குப் பின்னால், நாற்பதைத் தாண்டிய மகன் இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு, விழப்போகும் அடிக்காகக் குனிந்திருந்தான்.