இரவல் பட்டை

2047 ஜனவரி முதல் தேதியிலிருந்து தூத்துக்குடியில் பேருந்து ஓட்டுநர்கள் கையில் இதயப் பட்டை அணிவது கட்டாயமானது. இதயத் துடிப்பையும் நடந்த கணக்கையும் அது உடனுக்குடன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். தினமும் நடக்காதவரின் உரிமம் ரத்தாகும்.

ஓட்டுநர் சேர்மத்துரைக்கு நடப்பதென்றால் வேப்பங்காய். மாலையானால் பட்டையைக் கழற்றி மனைவி புஷ்பக்கனியின் கையில் மாட்டிவிடுவார். அவருடைய நடையை அவள் கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு வருவாள். ஓட்டுநர்களின் மனைவிமாருக்குப் பட்டை கிடையாது.

பங்குனியில் ஒரு மாலை அவள் திரும்பி வந்து பட்டையைக் கொடுத்த சற்று நேரத்தில் வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. நர்ஸ் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே நுழைந்தாள்.

"சேர்மத்துரை யாரு? ஒங்க நெஞ்சுல அடைப்பு. சட்டுனு படுங்க."

"எனக்கா? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்." அவர் கையில் பாதி வடை இருந்தது.

"பட்டை பொய் சொல்லாது அண்ணாச்சி."

சேர்மத்துரை உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். அடுக்களை வாசலில் புஷ்பக்கனி இடது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் வேர்வை.

அவர் அருகில் போனதும், "எனக்கு ஒண்ணுமில்ல," என்று கிசுகிசுத்தாள். "நீங்க பேசாம போய்ப் படுங்க. உண்மையைச் சொல்லிராதிய, வேலை போயிரும்."

அவர் வடையைத் தட்டில் வைத்தார்.

"எம்மா, இதைக் கட்டிக்கிட்டு நடந்தது இவ. இவளைக் கூட்டிட்டுப் போங்க."

அடைப்பை அன்றே நீக்கிவிட்டார்கள். திங்கட்கிழமை முதல் சேர்மத்துரையின் பேருந்தை வேறொருவர் ஓட்டினார்.