ஊர்வலத்தில் சவிரிமுத்தர்

ஹோட்டலில் பதினாறு அறைகளுக்குக் கட்டில் விரித்து, குளியலறை கழுவி முடித்து இமெல்டா வெளியே வந்தபோது மத்தியானம் ஒரு மணி. மெற்றோ வாசல் வீதிக்கு அந்தப் பக்கம். வீதி நிறைய ஐரிஷ்காரரின் ஊர்வலம்.

சென் பற்றிக் திருநாள் கொண்டாட்டம். மொன்றியால் முழுக்கப் பச்சை. பச்சைத் தொப்பி, பச்சைத் தாடி. ஒரு நாய்க்குட்டிக்குக்கூடப் பச்சைச் சட்டை.

"எப்ப முடியும்?" என்று தடுப்புக் கம்பியடியில் நின்ற பொலிஸ்காரனிடம் பிரெஞ்சில் கேட்டாள்.

"இன்னும் ஒன்றரை மணித்தியாலம், மதாம்."

வீங்கின காலோடு அங்கேயே ஒரு கட்டிடப் படியில் குந்தினாள். அப்போதுதான் கண்டாள்.

சனத்துக்கு முன்னால் ஒரு பெரிய பச்சைத் தொப்பி. கன்னத்தில் ஐரிஷ்காரரின் மூன்று இலைச் சின்னம். இரண்டு கையையும் தூக்கி, இடுப்பை வளைத்து ஒரு தமிழ் மனிசன் ஆடிக்கொண்டிருந்தார்.

சவிரிமுத்தர்!

இமெல்டா கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். அவரேதான். மனைவி அக்னெஸ் மாரடைப்பில் திடீரென்று போய், முப்பத்தோராம் நாள் பூசை போன ஞாயிறுதான் முடிந்தது. பூசைக்குப் பிறகு எல்லாருக்கும் சாப்பாடு பரிமாறினதே இமெல்டாதான். இந்த மனிசன் அன்றைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்லு மாதிரி இருந்தார்.

போனில் படம் எடுத்து, கோயில் மாதர் சங்கத்துச் சஜிதாவுக்கு அனுப்பினாள். மறு நிமிஷம் சஜிதா அழைத்தாள்.

"இது சவிரிமுத்து அண்ணையோ? தவக்காலத்திலை? மனிசி செத்து ரெண்டு மாசம்கூட ஆகேல்லை!"

"நானும் அதைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

"இதுக்குத்தானோ இண்டைக்குப் பூசைக்கு வரேல்லை? நேரை போய்க் கேளுங்கோ அக்கா. அக்னெஸ் அக்காவுக்காக ஆராவது கேக்கத்தானே வேணும்."

இமெல்டாவுக்கு எழும்பவே ஏலாமல் இருந்தது. ஆனாலும் எழும்பினாள். கனடாவுக்கு வந்த முதல் குளிரில், தான் போட்டிருந்த ஜாக்கெற்றைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தவள் அக்னெஸ். சனத்தை விலக்கிக்கொண்டு போனாள்.

"அண்ணை!"

சவிரிமுத்தர் திரும்பினார். மூச்சு வாங்கியது.

"நீயோ தங்கச்சி. வேலை முடிஞ்சுதோ?"

"என்ரை வேலை கிடக்கட்டும். உங்களுக்கு வெக்கமாயில்லையோ? அக்னெஸ் அக்காவைப் புதைச்ச ஈரம்கூடக் காயேல்லை, நீங்கள் இஞ்சை நிண்டு..."

"பேரைச் சொல்லாதை," என்றார் அவசரமாக. ஆட்டத்தை மட்டும் நிறுத்தவில்லை. "பேரைக் கேட்டால் அவ பிடிச்சிடுவா."

"ஆர்?"

அவர் கண்ணால் காட்டினார். அவருக்கு முன்னால் ஒரு சக்கர நாற்காலி. போர்வைக்குள் ஒரு வெள்ளைக்காரக் கிழவி. தொண்ணூறு வயதிருக்கும். கோட்டில் பச்சை றிபன். வாத்தியச் சத்தத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"மொறீன். என்ரை மனிசி பதினெட்டு வருசம் பராமரிச்ச ஆள். இவவின்ரை பூட்டனார் பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்திலையிருந்து கப்பல்லை வந்தவராம். அதாலை இந்த ஊர்வலம் எண்டால் இவவுக்கு உயிர். வருசா வருசம் மனிசிதான் கூட்டிக்கொண்டு வாறவ. தொப்பி போட்டு, கன்னத்திலை இலை கீறி, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே கூத்து. மகன் கல்கரியிலை. வேறை ஒருத்தரும் இல்லை."

"சரி, கூட்டிக்கொண்டு வந்தது நல்லது. அதுக்கு நீங்கள் ஆட வேணுமோ?"

சவிரிமுத்தர் குரலைத் தாழ்த்தினார்.

"செத்தவீடு முடிய, விசயத்தைச் சொல்லுவம் எண்டு இவ இருக்கிற இடத்துக்குப் போனன். சொன்னன். குழறி அழுதா. பத்து நிமிசத்திலை மறந்துபோச்சு. மனிசி எங்கை எண்டு திருப்பிக் கேட்டா. திருப்பிச் சொன்னன். திருப்பியும் முதல்தரம் கேக்கிற மாதிரியே அழுதா. இப்பிடி நாலு தரம்."

பாண்டு வாத்தியக் கோஷ்டி ஒன்று கடந்து போனது. அதன் தாளத்துக்குக் கையை இன்னும் உயர்த்தி ஆடினார்.

"அஞ்சாந்தரம் என்னாலை சொல்ல ஏலேல்லை, தங்கச்சி. இந்தா வாறா எண்டு சொல்லிப்போட்டன். அண்டையிலையிருந்து அதைத்தான் சொல்லுறன். என்ரை முகம் கொஞ்சம் வாடினாலும் கேக்கத் தொடங்கிடுவா. அதுதான் ஆடுறன்."

இமெல்டாவுக்குக் கண் நிறைந்து வழிந்தது.

கிழவி மெல்லத் திரும்பினாள். இமெல்டாவின் முகத்தையே பார்த்தாள். சிரிப்பு அணைந்தது.

"ஏன் இந்தப் பெண் அழுகிறாள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "யார் செத்தது? அக்னெஸ் எங்கே?"

தூக்கின கை தூக்கினபடியே சவிரிமுத்தர் நின்றுவிட்டார்.

இமெல்டா சட்டென்று கண்ணைத் துடைத்தாள். குனிந்து கிழவியின் கையைப் பிடித்தாள். அவளும் ஆங்கிலத்திலேயே சொன்னாள்.

"யாரும் சாகவில்லை. அக்னெஸ் இதோ வந்துகொண்டிருக்கிறாள்."