கேமரா இல்லாத இடம்

வகுப்பறைக் கேமரா பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துத்தான் ஆசிரியருக்கு மதிப்பெண் போடும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே பிரிஸ்கில்லாவுக்குத் தொண்ணூற்றெட்டு. நல்லாசிரியர் என்று சான்றிதழும் வந்துவிட்டது.

இடைவேளையில் அவளுடைய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கழிப்பறை வாசலில் வரிசையாக நின்றார்கள். உள்ளேயிருந்து கண் சிவக்க வெளியே வந்தாள் மாரிக்கனி.

"ஏட்டி, அழுதியா?"

"இங்கதான் டீச்சர் கேமரா இல்ல. எல்லாரும் அழத்தான் நிக்கோம்."

"எதுக்கு?"

"வகுத்தல் கணக்கு ஒண்ணுமே புரியல."

"அத எங்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"போன டீச்சர்கிட்ட சொல்லி கிளாஸ்லயே அழுதோம். மார்க் கொறஞ்சு அவங்கள அனுப்பிட்டாங்க. நீங்களாவது இருங்க டீச்சர்."

மாரிக்கனி குழாயில் முகத்தைக் கழுவி, ஒருமுறை சிரித்துப் பார்த்துக்கொண்டு, வகுப்புக்கு ஓடினாள்.

பிரிஸ்கில்லா வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.